சொப்பு சாமானுக்கு பட்ஜெட்ல ஒரு இடம்: வீட்டிலேயே வேலை பார்க்கறவங்களுக்கு ஒரு கணக்கு



ஒரு கணக்குக்கு இப்படி வெச்சுக்குவோம். மாசம் 28,000 ரூபாய் கைக்கு வருது. கம்பெனி சென்னையில இருக்கு, வேலை மட்டும் உத்திரமேரூர்ல வீட்டு மாடி ரூம்ல நடக்குது. காலையில 9 மணிக்கு லேப்டாப்பைத் திறந்தா, மூடறதுக்கு ராத்திரி 7 மணி ஆயிடும். அதுக்கப்புறம் எங்கே போறது? பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீ, மழை பெய்ஞ்ச வருஷமா இருந்தா ஏரிக்கரை வரைக்கும் ஒரு நடை. அவ்வளவுதான். திரும்பி வந்து படுத்தா போன்ல வரிசையா வீடியோ. உள்ளங்கை அளவு அடுப்புல சோறு பொங்கறாங்க, தீப்பெட்டிக்குள்ள ஒரு முழு வீட்டையே கட்டறாங்க, யாரோ பழைய நாணயத்தைத் துடைச்சு வரிசையா அடுக்கறாங்க. பார்க்கும்போதே தோள் லேசாகுது. பத்து நிமிஷம் கழிச்சு கார்ட்ல 149 ரூபாய்க்கு ஒரு குட்டி குக்கர் உட்கார்ந்திருக்கு.

இந்தப் பழக்கத்தைத் திட்டறதுக்காக எழுதற கட்டுரை இல்லை இது. "டீயை நிறுத்திட்டு எஸ்ஐபி போடுங்க, கோடீஸ்வரன் ஆகலாம்"னு சொல்ற கணக்குல எனக்கு எப்பவுமே பெரிய நம்பிக்கை கிடையாது. மனசுக்கு நிம்மதி தர்ற ஒரு பொருளுக்குக் காசு செலவு பண்றது தப்பே இல்லை. ஆனா அந்தச் செலவுக்கு "முதலீடு"ன்னு பேர் வைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்குது. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சா போதும், மாசம் சில நூறு ரூபாயில இந்த ஆசை அழகா ஓடும்.

குட்டியா இருந்தா ஏன் பிடிக்குது?

இது யூடியூப் வந்த பிறகு வந்த ஆசைன்னு நினைச்சுடாதீங்க. ஆத்து மணல்ல சின்ன வீடு கட்டி விளையாடறதுக்கு 'சிற்றில்'னு தமிழ்ல தனிப் பேரே இருக்கு. பிள்ளைத்தமிழ் நூல்கள்ல ஆண் குழந்தைக்குப் பாடற கடைசி மூணு பருவம் சிற்றில், சிறுபறை, சிறுதேர். வீடு, பறை, தேர், மூணுமே குட்டி வடிவம்! நம்ம வீடுகள்ல இருந்த சொப்பு சாமானும் அதே வம்சம்தான். மரத்துல கடைஞ்சு அரக்குச் சாயம் பூசின அம்பாசமுத்திரம் சொப்பு, மாக்கல் சொப்பு, பித்தளைச் சொப்பு, அப்புறம் நம்ம காலத்துல திருவிழாக் கடையில தொங்கின பிளாஸ்டிக் செட்.

பிரெஞ்சு மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் 1962-ல வந்த தன்னோட புத்தகத்துல இதைப் பத்தி ஒரு விஷயம் சொல்றார். பெரிய பொருளைப் புரிஞ்சுக்க நாம ஒவ்வொரு பாகமா பார்த்துட்டுப் போகணும். குட்டிப் பொருள்ல முழுசும் ஒரே பார்வையில கண்ணுக்குள்ள வந்துடுது, அது நம்ம கைக்கு அடங்குதுன்னு தோணுது. வீட்டுலயே அடைஞ்சு இருக்கறவங்களுக்கு இது ஏன் ஆறுதலா இருக்குன்னு இதுக்கு மேல விளக்க வேண்டாம். வேலை, அப்ரைசல், வீட்டுக் கடன், தங்கச்சி கல்யாணம், இது எதுவுமே நம்ம கைக்கு அடங்கறதில்லை. ஐஸ்கிரீம் குச்சியில செஞ்ச திண்ணை அடங்குது.

2020 மார்ச் 25-ல ஊரடங்கு வந்தப்போ பலருக்கும் இது நேர்லயே புரிஞ்சது. வெளியே போக முடியாத அந்த மாசங்கள்ல பரண்ல கிடந்த ஸ்டாம்ப் ஆல்பம் கீழே வந்தது, பழைய அட்டைப் பெட்டி குட்டிக் கடையா மாறுச்சு. ஊரடங்கு போயிடுச்சு. வீட்டிலிருந்து வேலை நிறையப் பேருக்கு அப்படியே தங்கிடுச்சு, கூடவே இந்தப் பழக்கமும்.

30 கி.மீ. தூரத்துல ஒரு பாடம்

சேகரிப்புக்குச் செலவு பண்றது எப்படின்னு கத்துக்க வெளிநாட்டுப் புத்தகம் தேவையில்லை. உத்திரமேரூர்ல இருந்து சுமார் 30 கி.மீ. போனா காஞ்சிபுரம். பட்டுக்குப் பேர் போன அந்த ஊர்ல பொம்மைக்காரத் தெருன்னு ஒரு தெரு இருக்கு. தலைமுறை தலைமுறையா களிமண்லயும் காகிதக் கூழ்லயும் கொலு பொம்மை செய்யற குடும்பங்கள் அங்கே இருக்காங்க.

காகிதக் கூழ் பொம்மை செய்யற விதத்தைப் பார்த்தா விலை ஏன் அப்படின்னு புரியும். காகிதத்தை ஊற வெச்சு அரைச்சு, பசையும் சுண்ணாம்புத் தூள் மாதிரியான மாவும் சேர்த்துப் பிசையறாங்க. முன்பக்கம் ஒரு அச்சு, பின்பக்கம் ஒரு அச்சு. ரெண்டுலயும் அழுத்தி எடுத்து, வெயில்ல காய வெச்சு, ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, வெள்ளை அடிச்சு, அதுக்கு மேல வண்ணம். கண் வரையறது கடைசியில. மழை வந்தா எல்லாம் நின்னுடும். வருஷம் முழுக்கச் செய்யறாங்க, ஆனா வியாபாரம் பெரும்பாலும் நவராத்திரிக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு மாசம்தான். 2020-ல நவராத்திரி அக்டோபர் 17-ல ஆரம்பிச்சது. கொரோனா நடுவுல வந்த அந்த சீசன் இந்தத் தொழிலுக்கு எவ்வளவு பெரிய அடின்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. அதுக்கு முந்தின வருஷம் நிலைமையே வேற. 2019 ஜூலை 1-ல இருந்து ஆகஸ்ட் 17 வரைக்கும், 40 வருஷத்துக்கு ஒருமுறை வர்ற அத்திவரதர் தரிசனம். அந்த வருஷக் கொலுவுல அத்திவரதர் பொம்மை இல்லாத படியைத் தேடணும்!

சரி, இதுல பர்சனல் ஃபைனான்ஸ் எங்கே வருது? கொலு வைக்கிற வீடுகள்ல ஒரு வழக்கம் உண்டு: வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது வாங்கணும். 'ஒண்ணாவது'ன்னுதான் சொல்றாங்க, ஆனா நடைமுறையில பல வீடுகள்ல அது 'ஒண்ணு ரெண்டு'ன்னே நின்னுடும். பாட்டி காலத்துப் பொம்மை, அம்மா சீர்ல வந்த மரப்பாச்சி ஜோடி, போன வருஷம் வாங்கின கிரிக்கெட் செட், பருப்பு தானியம் பரப்பிக் கடை போட்டு உட்கார்ந்திருக்கிற செட்டியார் தம்பதி, எல்லாம் ஒரே படியில. புதுசு ஒண்ணுதான், ஆனா பார்க்கறவங்களுக்கு முழுக் கொலுவும் புதுசு. ஏன்னா ஒவ்வொரு வருஷமும் அடுக்கற விதம் மாறுது.

படிக்குக் கீழே பிள்ளைங்க போடற 'பார்க்' இன்னும் சுவாரசியம். மணல் பரப்பி, கடுகும் வெந்தயமும் தூவி முளைக்க வெச்சா நாலு நாள்ல பச்சைப் பசேல்னு வயல். கண்ணாடித் துண்டு ஒண்ணு வெச்சா குளம். தீப்பெட்டியில வீடு. செலவு? கடுகுக்குப் பத்து ரூபாய்.

இதுல நான் கவனிக்கறது ஒரே விஷயத்தை. வாங்கற நேரம் ரொம்பக் கொஞ்சம், அடுக்கற நேரமும் செய்யற நேரமும் அதிகம். நிம்மதி அந்த ரெண்டாவது பகுதியில இருந்துதான் வருது. ஷாப்பிங் ஆப் இதை அப்படியே தலைகீழா மாத்திடுது. 'இன்னும் 2 மட்டுமே மீதம்', '499-க்கு மேல் வாங்கினா டெலிவரி இலவசம்'. 149 ரூபாய் குக்கருக்காக இன்னும் 350 ரூபாய்க்குத் தேவையில்லாத குட்டித் தோசைக்கல், குட்டி மிக்ஸி. பார்சல் வந்து பிரிச்ச அஞ்சாவது நிமிஷம் அடுத்ததைத் தேட ஆரம்பிச்சுடறோம்.

வாரத்துக்கு ரெண்டு முறை 149 ரூபாய்னு வெச்சுக்குவோம். 298 ரூபாய். 52 வாரத்துக்கு 15,496 ரூபாய், டெலிவரி சார்ஜ் சேர்க்காம. 28,000 சம்பளத்துல இது அரை மாசச் சம்பளத்துக்கும் மேல. அதுலயும் 'பிறகு செலுத்து' வசதியில வாங்கிட்டு தேதி தப்பினா அபராதம் தனி. குட்டி குக்கருக்கு லேட் ஃபீ கட்டறதைவிடக் கொடுமை கிடையாதுங்க.

"இது பின்னாடி விலை ஏறும் ப்ரோ"

சேகரிக்கிற எல்லாரும் ஒரு கட்டத்துல தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கிற வசனம் இது.

2012-ல நார்ட்டன், மோஷன், ஆரியலி என்கிற மூணு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டாங்க. சாதாரண ஆட்களை ஓரிகாமி, அதாவது காகித மடிப்புப் பொம்மை செய்யச் சொன்னாங்க. செஞ்சவங்க தங்களோட பொம்மைக்குக் கொடுக்கத் தயாரா இருந்த விலை சுமார் 23 சென்ட். அதே பொம்மைக்கு மத்தவங்க கொடுக்கத் தயாரா இருந்தது 5 சென்ட். கசங்கின காகிதக் கொக்கு செஞ்சவன் கண்ணுக்குக் கிட்டத்தட்ட நிபுணர் செஞ்ச மாதிரி தெரிஞ்சிருக்கு! இதுக்கு அவங்க வெச்ச பேர் 'ஐகியா விளைவு'. நம்ம கையால செஞ்ச குட்டி வீட்டுக்கு நாம மனசுல போடற விலைக்கும் சந்தை தர்ற விலைக்கும் உள்ள தூரம் இதுதான். அந்தக் கூடுதல் 18 சென்ட் பொய் கிடையாது, உங்க சந்தோஷம் அது. ஆனா அதை யாரும் ஜிபேல அனுப்ப மாட்டாங்க.

லெகோ பத்தி ஒரு ஆய்வு அடிக்கடி வாட்ஸ்அப்ல சுத்தும். 1987-ல இருந்து 2015 வரைக்கும், கம்பெனி தயாரிப்பை நிறுத்தின செட்டுகளோட மறுவிற்பனை விலையைப் பார்த்தா வருஷத்துக்கு சராசரி சுமார் 11 சதவீதம் லாபம்னு 2022-ல வெளியான ஆய்வு அது. உண்மைதான். ஆனா அது பிரிக்காத பெட்டிக் கணக்கு. பெட்டியைப் பிரிச்சு, கட்டி, சாயங்காலத்தைச் சந்தோஷமா கழிக்கணும்னு வாங்கறவங்களுக்கு அந்த 11 சதவீதம் பொருந்தாது. தவிர, சராசரிக்குள்ள பெரிய நஷ்டமும் ஒளிஞ்சிருக்கும். பத்திரமா வைக்கிற இடம், வாங்கறவரைத் தேடற நேரம், கூரியர் செலவு, எல்லாம் உங்க தலையில.

எதிர்ப்பக்கத்துக்கு பீனி பேபீஸ் கதை போதும். 1990-கள்ல அமெரிக்காவுல டை கம்பெனி வித்த குட்டித் துணிப் பொம்மை. பிள்ளைங்க காலேஜ் செலவுக்கு ஆகும்னு நம்பி மூட்டை மூட்டையா வாங்கி, விலைச் சீட்டுக்குக்கூட பிளாஸ்டிக் உறை போட்டு வெச்சாங்க. 1999-ல லாஸ் வேகாஸ் கோர்ட்டுல விவாகரத்து பண்ணின ஒரு தம்பதி தரையில உட்கார்ந்து இந்தப் பொம்மைகளை ஒண்ணொண்ணா பங்கு பிரிச்சுக்கிட்ட படம் இன்னைக்கும் இணையத்துல இருக்கு. அதே காலகட்டத்துலதான் விலையும் சரிய ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் பெரும்பாலான பொம்மைகளுக்கு வாங்கின விலைகூடக் கிடைக்கலை.

பழைய நாணயம்: இங்கே மட்டும் ஜாக்கிரதை

பொம்மையில அதிகபட்சம் வாங்கின காசு போகும். நாணயத்துல வாங்காத காசும் போகும்.

"786 நம்பர் நோட்டு இருக்கா? டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு இருக்கா? லட்சக்கணக்குல வாங்கிக்கறோம்"னு வர்ற வீடியோக்களைப் பார்த்திருப்பீங்க. நம்பரை அழைச்சா முதல்ல பதிவுக் கட்டணம், அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் 'ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம்'. கொடுத்துட்டே இருக்க வேண்டியதுதான், நோட்டை யாரும் வாங்க வரமாட்டாங்க. இது பெருகினதாலதான் 2021 ஆகஸ்ட்டுல ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை கொடுத்தது: பழைய நோட்டு, நாணய விற்பனையில நாங்க ஈடுபடறதில்லை, எங்க பேர்ல கமிஷனோ கட்டணமோ வசூலிக்க யாருக்கும் அனுமதி தரலைன்னு. பணம் போயிடுச்சுன்னா வெட்கப்படாம உடனே 1930-க்கு கால் பண்ணுங்க. சீக்கிரம் சொன்னா பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

உத்திரமேரூர் மாதிரி பழைய ஊர்ல இன்னொரு விஷயமும் தெரிஞ்சு வெச்சுக்கணும். வயல்ல, அஸ்திவாரம் தோண்டும்போது கிடைக்கிற பழைய காசு 'கிடைச்சவனுக்கே' கிடையாது. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுல மறைஞ்சிருந்த பொருளோட மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல இருந்தாலே கலெக்டருக்குத் தகவல் கொடுக்கணும். 2020 டிசம்பர்ல நம்ம ஊர் குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணியில கருவறைப் படிக்கு அடியில அரை கிலோவுக்கு மேல தங்க நகை கிடைச்சது ஞாபகம் இருக்கும். கோயில் நகை கோயிலுக்கேன்னு ஊர்க்காரங்க விட்டுக்கொடுக்க மறுத்தாங்க, பேச்சுவார்த்தைக்குப் பிறகுதான் அதிகாரிங்க கைக்குப் போச்சு. ஊரே சேர்ந்து நின்ன விஷயத்துலயே அப்படின்னா, தனி ஆள் பரண்ல ஒளிச்சு வெச்சு ஆன்லைன்ல விக்கறது எவ்வளவு ஆபத்துன்னு பார்த்துக்குங்க.

நாணயம் சேர்க்கற ஆசை இருந்தா, நஷ்டமே இல்லாத வழி ஒண்ணு இருக்கு. சில்லறையில தேடுங்க. பத்து ரூபாய் நாணயத்தைக் கடைகள்ல வாங்க மறுத்தப்போ, 2018 ஜனவரியில ரிசர்வ் வங்கி ஒரு விளக்கம் கொடுத்தது: இதுவரைக்கும் 14 வடிவங்கள்ல வந்திருக்கு, 14-ம் செல்லும்னு. அந்த 14-ஐயும் சேர்க்க ஆகற செலவு 140 ரூபாய். வருஷம் போட்டிருக்கிற இடத்துக்குக் கீழே உத்துப் பாருங்க. வைரம் மாதிரி குறி இருந்தா மும்பை, நட்சத்திரம்னா ஹைதராபாத், புள்ளின்னா நொய்டா, ஒண்ணுமே இல்லைன்னா கொல்கத்தா நாணயசாலை. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் இதுலயே ஓடிடும். அலுத்துப் போச்சா? அதே நாணயத்தைக் கொடுத்து காஞ்சிபுரத்துக்கு டிக்கெட் எடுங்க. இப்படி எப்ப வேணும்னாலும் முழு விலைக்குத் திரும்பற சேகரிப்பு வேற எதுவும் எனக்குத் தெரியலை.

எவ்வளவு ஒதுக்கலாம்?

என் அபிப்பிராயம்: கைக்கு வர்ற சம்பளத்துல 2 சதவீதம். 28,000-க்கு 560 ரூபாய், வருஷத்துக்கு 6,720. இதுக்கு முன்னாடி அவசர நிதிக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் மாசாமாசம் காசு போயிருக்கணும், கிரெடிட் கார்டு பாக்கி இருக்கக் கூடாது. பாக்கி இருந்தா அது முடியற வரைக்கும் பழைய அட்டையும் ஃபெவிகாலும் போதும். சொல்லப்போனா அதுல செய்யறதுதான் இன்னும் நல்லா இருக்கும்.

560-ஐ மாசாமாசம் சில்லறையா செலவழிக்காம, பாதியைச் சேர்த்து வைக்கப் பாருங்க. 280 ரூபாய் வீதம் பத்து மாசத்துக்கு 2,800. ஆடி, ஆவணியில அதை எடுத்துட்டு நேரா பொம்மைக்காரத் தெருவுக்குப் போய், செஞ்சவங்க கையில இருந்தே ஒரு நல்ல பொம்மை வாங்கலாம். பத்து குட்டி பிளாஸ்டிக் பார்சலுக்குப் பதிலா, கண் வரைஞ்சவர் யாருன்னு தெரிஞ்ச ஒரு பொம்மை. நவராத்திரி நெருங்க நெருங்க கூட்டமும் விலையும் ஏறும், அதனால முன்னாடியே போறது நல்லது. மீதிப் பாதியில மாசாமாசம் பசை, பெயிண்ட், குச்சி.

கணக்கு எழுதுங்க. இதைச் சொல்ல உத்திரமேரூர்க்காரங்களுக்கு வேற யாரும் வேண்டாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இருக்கிற முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகள்ல குடவோலைத் தேர்தல் விதி இருக்கு இல்லையா? வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாதவர் மறுபடி நிக்க முடியாது. அவர் மட்டுமா, அவரோட நெருங்கின சொந்தக்காரங்களும் நிக்க முடியாது! நம்ம வீட்டு விதி அவ்வளவு கடுமையா இருக்க வேண்டாம். போன மாசக் கணக்கு எழுதலைன்னா இந்த மாசம் வாங்கறது இல்லை, அது போதும்.

"செஞ்சதை வித்து சைடு இன்கம் பார்க்கலாமே"ன்னு கேட்பீங்க. பார்க்கலாம், ஆனா மணிக்கணக்கு போட்டுட்டுப் பாருங்க. ஒரு குட்டித் திண்ணை வீட்டை 350 ரூபாய்க்கு விக்கறீங்க. பொருள் 90, கூரியர் 70 போனா மிச்சம் 190. செய்ய அஞ்சு மணி நேரம்னா மணிக்கு 38 ரூபாய். அதோட, வர்ற லாபத்தை வருமான வரிக் கணக்குல காட்டணும். தொழில் வருமானம் வந்துட்டா சம்பளக்காரங்க வழக்கமா போடற ஐடிஆர்-1 படிவம் செல்லாது. கம்பெனி ஆஃபர் லெட்டர்ல வேற வேலை பார்க்கக் கூடாதுன்னு விதி இருக்கான்னும் பார்த்துக்குங்க. இது எல்லாத்தையும்விட, நாளைக்குள்ள பத்து பீஸ் அனுப்பணும்னு ஆயிட்டா அது ஏழு மணிக்கு அப்புறம் ஆரம்பிக்கிற ரெண்டாவது ஆபீஸ். நண்பர்களுக்கு ரெண்டு மூணு செஞ்சு கொடுத்துப் பாருங்க. அப்பவும் பிடிச்சிருந்தா யோசிக்கலாம்.

வாங்கினதைக் காப்பாத்தறதும் செலவைக் குறைக்கிற வழிதான். காகிதக் கூழ் பொம்மைக்கு எதிரி ஈரமும் பூச்சியும். நவராத்திரி முடிஞ்ச கையோட வடகிழக்குப் பருவமழை வந்துடும். அதனால விஜயதசமி ராத்திரி படுக்க வெச்ச பொம்மைகளை மறுநாளே, ஈரக்கை படாம, பழைய வேட்டித் துணியில சுத்தி, நடுவுல செய்தித்தாளைக் கசக்கி வெச்சு, ரெண்டு அந்துருண்டை போட்டு மூடிடுங்க. பெட்டியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீங்க. மேல ஒரு சீட்டு ஒட்டி, உள்ளே என்ன இருக்கு, எந்த வருஷம் வாங்கினது, என்ன விலைன்னு எழுதிடுங்க. நிறம் போன பொம்மை இருந்தா தனியா எடுத்து வைங்க. அடுத்த ஆடியில காஞ்சிபுரம் போறப்போ கையோட எடுத்துட்டுப் போய், மறுபடி வண்ணம் அடிக்க என்ன ஆகும்னு கேட்டுப் பார்க்கலாம்.